கடலுக்குப் போகும் தோப்பு வழியில் சவுக்கு சாய்ந்து கிடக்கிறது. யாரைக் கேட்டு அகற்றுவது?

தபால்பை
2018 டிசம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். வேதாரண்யத்துக்கு வடக்கே கடலோரம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், ஏன் என்பது படித்தால் தெரியும். 31 வருடம் தபால் கொடுத்துவிட்டு 2014-ல் ஓய்வு பெற்றேன். சைக்கிளை விட்டதும் சர்க்கரை பிடித்துக்கொண்டது. தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். அதற்குத் தோப்பு வழி இருந்தது.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தொடங்கி, சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து, கடல் தெரிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பி, அடுத்த ஊரில் படகு ஏற்றும் இடம் வரை போகும். இரண்டரை கிலோமீட்டர் இருக்கலாம். யாரும் போட்ட பாதை இல்லை, நடந்து நடந்து விழுந்த பாதை. விடியற்காலை வலை தூக்கிக்கொண்டு போவார்கள், ஏழு மணிக்கு நானும் மைத்துனரும், அப்புறம் சருகு அரிக்கப் பெண்கள். தை அமாவாசைக்கு ஊரே அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும்.

நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் வடக்கிலிருந்து அடித்தது. நள்ளிரவு தாண்டி ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றுபோனது. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். 83 வயது அம்மா உள்ளேயிருந்து, "சாத்துடா, திரும்ப வரும், 52-லயும் இப்படித்தான்" என்று சத்தம் போட்டது. சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திரும்பி வந்தது. முதல் காற்றுக்குத் தாங்கி நின்றதை எல்லாம் இரண்டாவது காற்று எடுத்துப்போனது.

அதனால்தான் தோப்பு இப்போது இருக்கிற நிலை. அடியில் கிடப்பவை தெற்கே தலை வைத்தவை, அதன்மேல் கிடப்பவை வடக்கே தலை வைத்தவை. கோரைப்பாய் பின்னியது மாதிரி. போன வாரம் கோயிலிலிருந்து எண்ணிக்கொண்டே போனேன். 400 அடி எடுத்து வைப்பதற்குள் பாதையின் குறுக்கே 47 மரம். சிலவற்றைத் தாண்டினேன், சிலவற்றின் அடியில் தவழ்ந்தேன். 48-வது மரம் நெஞ்சு உயரத்தில் பாதி முறிந்து, தோல் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. காற்றில்லாமலே கிறீச் கிறீச் என்றது. திரும்பிவிட்டேன்.

மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் மரம் எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் நிலம் எங்களுடையது இல்லை. மூன்றாவது இடத்தில் தலைவரே இல்லை. 2016 அக்டோபரிலிருந்து உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்தான். அவர் தலைக்குமேல் நிவாரண வேலை. யாரையும் குறை சொல்லவில்லை, ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லாதபோது நடைபாதையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வலைக்காரர்கள் ரோட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

இதற்கிடையில் ராத்திரியில் யாரோ வந்து பருத்த மரமாகப் பார்த்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். தண்டு போகிறது, தலையும் கிளையும் பாதையிலேயே கிடக்கிறது. முன்பாவது தவழ்ந்து போகலாம், இப்போது அதுவும் முடியாது.

நாங்கள் பத்துப் பதினொரு பேர் இருக்கிறோம், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அரிவாள், கோடாரி உண்டு. நாங்களே வழி விட்டால் வம்பு வருமா? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? தை அமாவாசை பிப்ரவரி 4.

*

சங்கிலிக்காரன்
டிசம்பர் 9

ஐயா, நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 66 அடிச் சங்கிலி இழுத்த காலத்து ஆள், பெயர் அதனால்.

நீங்கள் போன இடங்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் நட்ட சவுக்கில் நிறைய, வருவாய்த்துறைப் புறம்போக்கில் வனத்துறை வளர்த்தது. நிலம் ஒருவர் கணக்கில், மரம் இன்னொருவர் கணக்கில். விழாத வரைக்கும் இது யாருக்கும் தொல்லை இல்லை. விழுந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் விழும்.

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அது தரிசா, புறம்போக்கா, காடா என்று இருக்கும், இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். கிராம வரைபடத்தையும் பாருங்கள். நடந்து விழுந்த பாதை என்கிறீர்கள், ஆனால் இப்படிப்பட்ட பாதைகள் பல பழைய படத்தில் வண்டிப்பாதையாகக் கோடு போட்டுக் கிடக்கும். எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். கோடு இருந்துவிட்டால் உங்கள் கை ஓங்கியது.

மனுவில் ஒரு சொல்லில் கவனம் வையுங்கள். 'மரம் வெட்ட அனுமதி' என்று எழுதினால் படிக்கிறவர் பேனாவை மூடிவிடுவார். மரம் என்றால் மதிப்பு, மதிப்பு என்றால் ஏலம், ஏலம் என்றால் ஆறு மாதம். 'பாதையில் விழுந்து கிடப்பதைத் துண்டாக்கி ஓரமாக ஒதுக்கிவைக்க அனுமதி வேண்டும், ஒரு துண்டும் தோப்பைவிட்டு வெளியே போகாது, அடுக்கி எண்ணிக்கை தருகிறோம்' என்று எழுதுங்கள். ஒரே மனு, மூன்று பிரதி. யாருக்கெல்லாம் அனுப்புகிறீர்கள் என்பதை மூன்றிலும் போடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். நூறு நாள் வேலையில் சேர்க்க முடியுமா என்றும் ஒரு வரி கேட்டுவையுங்கள்.

கோடியக்கரை சரணாலயத்துக்குள் மட்டும் இது எதுவும் செல்லாது. 1972 வனவிலங்குச் சட்டம், அங்கே காய்ந்த சுள்ளியைக்கூட அனுமதி இல்லாமல் எடுத்துவர முடியாது. உங்கள் ஊர் அதற்கு வெளியே என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

*

பண்ருட்டிப் பலா
டிசம்பர் 10

ஐயா, 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் மொத்தமாகப் போயின. அன்றைக்கு மோட்டார் ரம்பம் பிடித்தவன், இன்னும் விடவில்லை. இப்போதுகூடப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை அறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் திரும்பி வந்த அந்த 48-வது மரம்தான் ஆளைக் கொல்லும். அதைத் தொடாதீர்கள். பாதி முறிந்து தொங்குவதையும், இன்னொரு மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டதையும் தூரத்தில் நின்று வடம் கட்டி இழுக்க வேண்டும். இழுக்கிற ஆள் மரத்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். அது முடியாவிட்டால் அப்படியே விட்டு, பாதையைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

சாய்ந்த மரம் சும்மா கிடப்பதாகத் தெரியும், ஆனால் அது வில். இரண்டு முனையும் எதன்மேலாவது ஏறி நடு அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் நெருங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலேயிருந்து ஒரேயடியாக அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, மிச்சத்தைக் கீழேயிருந்து மேலே அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் எல்லாம் தலைகீழ், முதல் அறுப்பு கீழே. எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று தெரியவில்லையா, கத்தியை வைக்காதீர்கள். பக்கவாட்டில் வளைந்து மாட்டிய ஒல்லிக் கழியை லேசாக நினைக்க வேண்டாம், என் கூட்டாளிக்கு முன்பல் இரண்டு போனது மணிக்கட்டுப் பருமன் கழியில்.

அடுத்தது தூர். வேரோடு பெயர்ந்த மரத்தில் வேர்மண்டை தட்டு மாதிரி செங்குத்தாக நிற்கும், கீழே பள்ளம். தண்டை அறுத்ததும் பாரம் போய்விடும், தூர் பழைய பள்ளத்துக்குள் எழுந்து உட்காரும். எச்சரிக்கை எல்லாம் கொடுக்காது. பள்ளத்தில் ஆளோ ஆடோ சாமானோ இருக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் நிழலுக்கு அங்கேதான் போய் உட்காரும், விரட்டுங்கள்.

கோடாரி ஓங்கி ஐம்பது வயசுக்காரர் 47 மரம் வெட்ட முடியாது. ரம்பம் தெரிந்த ஒரு ஆளை நாள் கூலிக்கு வையுங்கள். நீங்கள் கழிக்கவும் அடுக்கவும் மட்டும் செய்யுங்கள். காலில் பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி. சவுக்குத் தூள் கண்ணில் போனால் நாள் பூரா உறுத்தும்.

*

மண்ணின்மரம்
டிசம்பர் 10

எல்லோரும் பாதையைப் பற்றியே பேசுகிறீர்கள். விழுந்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சவுக்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்து மரம். பணத்துக்காக நெருக்கி நட்டோம், காற்று வந்தது, சாய்ந்தது. பக்கத்தில் பனை நிற்கிறதா இல்லையா என்று தபால்பை ஐயா சொல்லட்டும். விட்டது சனி என்று சுத்தமாக அள்ளிவிட்டுப் பனங்கொட்டை போடுங்கள்.

*

கம்பத்தடி
டிசம்பர் 10

வெளிமாவட்டத்திலிருந்து மின்கம்பம் நட வந்திருக்கிறேன், ராத்திரிதான் போன் பார்க்க நேரம். கஜாவில் சாய்ந்த கம்பம் ஒரு லட்சத்துக்கும் மேலே. அறுந்த கம்பி மரத்துக்குள் சுற்றிக்கொண்டு கிடக்கும், மேலே சருகு மூடியிருக்கும். இன்றைக்கு மின்சாரம் இல்லை என்று கை வைப்பீர்கள், நாளைக்கு நாங்கள் லைனைப் போட்டிருப்போம். தோப்பு ஓரமாக லைன் போகிறதென்றால் உங்கள் ஊர் லைன்மேனை ஒரு தடவை கூட நடக்க வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் வருவார்.

*

தபால்பை
டிசம்பர் 11

மண்ணின்மரம் தம்பி, கேட்டதால் சொல்கிறேன். எங்கள் வழியில் ஆறு பனை உண்டு. ஆறும் நிற்கின்றன. ஓலை பிய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 'சனி' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு அருகில் நாலுவேதபதி. 2002-ல் அந்த ஊர் ஜனங்கள் ஒரே நாளில் 80,244 கன்று நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். பெரும்பாலும் சவுக்கு. அடுத்து இரண்டே வருடத்தில், 2004 டிசம்பர் 26. அலையின் வேகத்தை அந்தத் தோப்பு உடைத்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் ஆயிரம் வருடம் நின்று அன்றைக்குத்தான் விழுந்தது. செங்கல் விழுந்த நாளில் நின்ற மரம் இது. இன்றைக்கு விழுந்துவிட்டது என்பதற்காக ஏச எனக்கு மனசு வரவில்லை. பனங்கொட்டை போடுவோம், அது வேறு.

பண்ருட்டித் தம்பி, முன்பல் கதையை மைத்துனருக்குப் படித்துக் காட்டினேன். அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர் உள்ளே வைத்துவிட்டார்.

சங்கிலிக்காரர் ஐயா, வரைபடத்தில் கோடு இருக்கிறது! கோயிலிலிருந்து கடல் வரை வண்டிப்பாதை. கடலோரமாகத் திரும்பிய பிறகு கோடு இல்லை. பாதிதான், ஆனாலும் ராத்திரி நல்லாத் தூங்கினேன். மனு நீங்கள் சொன்ன சொல்லிலேயே எழுதியாயிற்று.

*

ஆமைநடை
டிசம்பர் 13

வணக்கம் ஐயா. சில வருடமாக ராத்திரியில் கடற்கரையோரம் ஆமை முட்டை தேடி நடக்கிறவர்களில் ஒருத்தி. உங்கள் வேலையைக் கெடுக்க வரவில்லை, நாள் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்ல வந்தேன்.

பங்குனி ஆமை ஜனவரியிலேயே கரை ஏறத் தொடங்கிவிடும். ஒரு குழியில் நூறு முட்டை போலப் போட்டு மூடிவிட்டுப் போய்விடும், பொரிக்க 45 முதல் 60 நாள். மேலே பார்த்தால் மணல்தான். சீக்கிரம் முடியட்டும் என்று ஜேசிபியை மணலில் இறக்கினால் அத்தனையும் நசுங்கும். ஆள் கையால் செய்கிற வேலை என்றால் கவலை இல்லை. கடலைப் பார்த்த பகுதியை முதலில் முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

இன்னொன்று, கழித்த தலையையும் கிளையையும் கடல் பக்கம் தள்ளாதீர்கள். தாய் ஆமை ஏறி வந்து கிளையில் முட்டி, முட்டை போடாமலே திரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் அங்கும் இங்கும் துழாவியது, அப்புறம் கடலுக்கே இறங்கிப்போனது. காலையில் மணலில் ஒரு 'ப' மட்டும் கிடந்தது.

பாதையைக் கடலுக்கு நேராக அம்பு மாதிரி வெட்டாதீர்கள். முன் வரிசையில் கோணலாக நுழைந்து திரும்பட்டும். நேராக இருந்தால் காற்றும் மணலும் அதே வழியில் ஊருக்குள் வரும். முன் வரிசைத் தூரைப் பிடுங்க வேண்டாம், செத்தாலும் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

குவித்து எரிக்கும் யோசனை யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். சவுக்குச் சருகு பங்குனி சித்திரையில் பெட்ரோல். சின்னச் சின்ன அடுக்காக, இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வொரு அடுக்கைத் தொடும் முன்பும் தடியால் தட்டுங்கள். ஒரு மாதமாக யாரும் நடக்காத இடம், விரியன் குடிவந்திருக்கும்.

*

தபால்பை
2019 ஜனவரி 27

கேட்டுவிட்டுக் காணாமல் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமரம் இரண்டும் போன வீடு, அதைச் சரி செய்யவே ஒரு மாதம் ஆனது.

மனுவுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. ஆனால் பொங்கல் முடிந்த மறுநாள் ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். பாதையோடு நடந்து, குறுக்கே கிடந்ததில் எல்லாம் சிவப்புக் கோடு போட்டு, நோட்டில் எண்ணிக் குறித்துக்கொண்டு, "இதை மட்டும் ஒதுக்குங்க, வெளியே போகக்கூடாது" என்றார். 112 கோடு. எங்கள் நோட்டிலும் 112 என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே போட்டார். தபால்காரனுக்குக் கையெழுத்து வாங்காமல் சரிப்படாது.

லைன்மேன் டீக்கு வந்தார். கோயில் பக்கத்திலேயே சருகுக்கடியில் ஒரு கம்பி இருந்தது. கம்பத்தடித் தம்பி, உங்களுக்கு ஒரு கும்பிடு.

ரம்பத்துக்குப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கிடைத்தான். ஆறு நாள். கடல் பக்கம் தொடங்கி ஊர்ப் பக்கம் வந்தோம். எவ்வளவு அகலம் விடுவது என்று பெரிய வாக்குவாதம். டிராக்டர் போகிற அளவு விடலாம் என்று இரண்டு பேர். எதற்கு டிராக்டர் என்று நான். கடைசியில் வலைக்காரர் இரண்டு பேரை வலையோடு எதிரெதிரே நடக்க விட்டுப் பார்த்தோம். ஒருவரை ஒருவர் இடிக்காமல் போனார்கள், அந்த அகலம்தான். முன் வரிசையில் தங்கச்சி சொன்ன மாதிரியே கோணலாக விட்டோம், தூர் எல்லாம் அங்கேயே இருக்கிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "நேராப் போட்டிருந்தா என்ன" என்றது. காற்று வரும் என்றேன். "அதான் வந்துடுச்சே" என்றது.

அந்த 48-வது மரத்தைச் சுற்றிக்கொண்டு போக மனசில்லை. மூன்றாம் நாள் இரண்டு வடத்தை முடிச்சுப் போட்டு, ஏழு பேர் தூரத்தில் நின்று இழுத்தோம். கிறீச் என்ற சத்தம் நின்று ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் எங்களைப் பார்த்து விழாமல் இடப்பக்கமாக விழுந்தது. நேராக விழும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

தூரைப் பற்றிச் சொன்னீர்களே தம்பி, அதை நான் எல்லோருக்கும் இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தேன். நான்காம் நாள் பகல், தண்டை அறுத்து முடித்ததும் என் இடுப்பு உயரம் நின்ற வேர்மண்டை ஒரு ஆட்டம் ஆடி, தொப்பென்று பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மண் எங்கள் முகத்தில் எல்லாம் தெறித்தது. மரம் மறுபடி நட்டு வைத்த மாதிரி மொட்டையாக நிற்கிறது. ஆள் யாரும் இல்லை, நல்லவேளை. மைத்துனர் மட்டும் வெயில் படாமல் இருக்கட்டும் என்று துண்டையும் தூக்குச்சட்டியையும் அந்தப் பள்ளத்தில் வைத்திருந்தார். புளிச்சோறு. இன்னும் அடியில்தான் இருக்கிறது. தோண்டி எடுக்கலாம் என்கிறார். யாரும் கூட வரத் தயாராக இல்லை.

அடுக்கில் நான்கு காணாமல் போயிருக்கிறது, 108 இருக்கிறது. யார் என்று தெரியும், பேசிக்கொண்டிருக்கிறோம். இதனால்தான் ஊர்ப் பெயர் வேண்டாம் என்றேன்.

நேற்றுக் காலை கோயிலிலிருந்து படகு ஏற்றும் இடம் வரை முழுக்க நடந்தோம். நிழல் இல்லை. முன்பு ஒன்பது மணிக்கும் நடக்கலாம், இப்போது ஏழரைக்கே முதுகு காய்கிறது. கடல் கோயிலிலிருந்தே தெரிகிறது, அது பழகவில்லை எனக்கு.

அமாவாசைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் காலில் போட்டுக்கொண்டே கடல் வரை வாருங்கள். சவுக்குக்காய் வழியெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. இன்னும் கூட்டவில்லை.